பிடியரிசி நிற்காத வாசல்

எங்கள் கிறிஸ்தவ சபையில் ஒரு வழக்கம் இருந்தது. வேதக்கார வீடுகளில் உலை வைக்கும்போது, அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்து, அதற்கென்று வைத்திருக்கும் மண்கலயத்தில் போடுவார்கள். அதற்குப் பிடியரிசி என்று பேர். சனிக்கிழமை காலையில் சபைப் பெண்கள் இரண்டு பேர் பெரிய ஓலைக் கடவத்தைச் சுமந்துகொண்டு வீடு வீடாக வருவார்கள். வாசலில் நின்று "பிடியரிசி" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். வீட்டுக்காரி கலயத்தோடு வந்து கடவத்தில் கவிழ்ப்பாள். சேர்ந்த அரிசி கோயில் அறையில் ஒரு மரப் பத்தாயத்தில் கிடக்கும். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்தபின் அதை ஏலம் போடுவார்கள். கோயிலின் விளக்குச் செலவும் கூரைச் செலவும் அதில்தான் நடந்தன.

எங்கள் வீட்டு வாசலில் மட்டும் அந்தக் குரல் கேட்காது. கடவம் பக்கத்து வீட்டில் நிற்கும், பிறகு எங்களைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டில் நிற்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதினேழு வயது. சனிக்கிழமை தோறும் அந்தக் குரல் எங்கள் வேலியோரம் வந்து அடங்குவதையும், பிறகு தள்ளிப்போய் மறுபடி கேட்பதையும் கேட்டுக்கொண்டே வளர்ந்தேன்.

தேங்காய்ப்பட்டணத்தில் ஆறு கடலோடு சேருகிற இடத்துக்குச் சற்று மேலே, தண்ணீர்க் கரையில் எங்கள் குடிசை. அப்பன் நான் சிறுபிள்ளையாய் இருந்தபோதே மரித்துப்போனார். அம்மையும் நானும்தான். எங்களுக்குக் கதம்பை அடிக்கிற வேலை. தேங்காய் உரித்த மட்டையைத்தான் எங்கள் பக்கத்தில் கதம்பை என்போம். அதைக் கரைச் சேற்றில் புதைத்து, மாதக்கணக்கில் அழுக விட்டு, பிறகு தோண்டியெடுத்து, தடியால் அடித்து அடித்து நாரைப் பிரிக்க வேண்டும். அந்த நார்தான் பிறகு கயிறாகும். கயிறு நல்ல வாசனையாகத்தான் இருக்கும். நாற்றமெல்லாம் எங்களோடு நின்றுவிடும்.

அந்த நாற்றத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சாம்பல், சவக்காரம், சீயக்காய் எதற்கும் அது அசைந்து கொடுக்காது. கையில், தலைமுடியில், உடுத்துகிற துணியில், சமைக்கிற சட்டியில்கூட இருக்கும். கோயிலில் பெண்கள் பக்கம் பாய் விரித்திருப்பார்கள். நாங்கள் போய் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவள் பைய நகர்ந்துகொள்வாள். "அந்த வாசல் பக்கம் இரிங்கோ, நல்ல காத்து வரும்" என்று அன்பாகவே சொல்வார்கள். பதினேழு வருஷத்தில் எங்களுக்குக் காற்றுக்கு ஒரு குறைவும் இருந்ததில்லை.

பிடியரிசி ஏன் எங்கள் வாசலில் நிற்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஒருநாள் வேலிக்கு அப்பால் பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது. "பாவம், அதுகளுக்கு அரிசி எங்க? கேட்டு வெசனப்படுத்தாண்டாம்." சொன்னது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமையிலும் கிறிஸ்துமஸுக்கும்தான் எங்கள் அடுப்பில் அரிசி வேகும். மற்ற நாளெல்லாம் மரச்சீனிக் கிழங்கு, மரவள்ளிதான். சாளை மீன் கிடைத்தால் அதோடு, இல்லாவிட்டால் காந்தாரி மிளகாயோடு. உண்மையைச் சொன்னதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் "பாவம்" என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. "அதுகள்" என்பது அதைவிடப் பிடிக்கவில்லை.

எங்களுக்குக் கொடுப்பதில் அவர்கள் யாரும் பின்வாங்கினது இல்லை. அதையும் சொல்ல வேண்டும். பழைய துணி தருவார்கள், பண்டிகைக்குக் கருப்பட்டி தருவார்கள், காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுவந்து வேலிமேல் வைத்துவிட்டுப் போவார்கள். நாங்கள் வாங்கிக்கொள்வோம், கும்பிடுவோம். பிறந்த நாள் முதல் வாங்கிக்கொண்டே இருந்தேன். ஒரு ஆள்கூட எங்கள் வீட்டில் ஒரு தீக்கங்கு கேட்டு வந்ததில்லை. அடுத்த வீட்டில் அடுப்பு அணைந்தால், எங்களைத் தாண்டி மூன்றாவது வீட்டுக்குப் போய் நெருப்பு எடுத்து வருவார்கள்.

புதன்கிழமைகளில், வேதம் வாசித்துக் காட்டுகிற அம்மாள் ஒருத்தி எங்கள் கரைக்கு வருவாள். நாங்கள் கதம்பை அடித்துக்கொண்டே கேட்போம். மூக்கில் சேலைத்தலைப்பை வைத்துக்கொண்டுதான் வாசிப்பாள், ஆனாலும் வாரம் தவறாமல் வந்தாள். அவள் ஒருநாள் கிணற்றடி ஸ்திரீயின் கதையை வாசித்தாள். ஆண்டவர் நடந்து களைத்து ஒரு கிணற்றோரம் உட்கார்ந்திருக்கிறார். அந்நிய சாதிப் பெண் ஒருத்தி தண்ணீர் எடுக்க வருகிறாள். அவளிடம் அவர் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். அவளுக்கே ஆச்சரியம், நீர் போய் என்னிடமா கேட்கிறீர் என்கிறாள். அம்மாள் அதற்குப் பிறகு வருகிற பாவம், மனந்திரும்புதல் பற்றியெல்லாம் விளக்கிச் சொன்னாள். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. நான் தண்ணீர் கேட்ட இடத்திலேயே நின்றுவிட்டேன்.

கேட்டாரே! அவள் குடத்திலிருந்து, அவள் கையால். அவர் நினைத்திருந்தால் அவளுக்கு ஏதாவது கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். கொடுக்கிறதற்கு அவரிடம் இல்லாததா? அதற்கு முன்னால் கேட்டார். தடியைக் கீழே போட்டுவிட்டு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். "என்னட்டி, கை நோவுதா?" என்றாள் அம்மை. இல்லை என்றேன். அழுதுகொண்டிருந்தேன் என்பது அவள் கேட்டபிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் எங்கள் கரைக்கு வந்திருந்தால் எங்கள் வீட்டிலும் கேட்டிருப்பார் என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தோன்றியது. அன்று முதல் நான் என்னை வேறு கணக்கில் பார்க்கத் தொடங்கினேன்.

அதன் பிறகு நான் செய்ததுதான் வம்பாகிவிட்டது.

பிடியரிசி என்றால் உலையில் போடுவதில் ஒரு பிடி. எங்கள் உலையில் போவது கிழங்கு. அப்படியானால் எங்கள் பங்கு கிழங்கு. இது எனக்கு வெகு நியாயமாகப் பட்டது. தினமும் கிழங்கு வெட்டும்போது ஒரு துண்டைத் தனியே எடுத்து, மெல்லிசாய் அரிந்து, முறத்தில் காயப் போட்டேன். அம்மைக்கு இது தெரியாது. மீனுக்கு மாற்றிக்கொள்ளக் கிழங்கு வத்தல் சேர்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அது ஆனி மாதம். வெயில் ஒரு நாழிகை அடித்தால் மழை மூன்று நாழிகை பெய்யும். முறத்தை உள்ளே எடுப்பதும் வெளியே வைப்பதுமாக இருந்தேன். வெளியே காய்ந்து, உள்ளே ஈரமாகவே இருந்தது அந்த வத்தல். எனக்குப் பொறுமை கிடையாது. சனிக்கிழமை வந்துவிட்டது, போதும் என்று கலயத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

அன்று கடவம் சுமந்து வந்தது தையல்காரரின் மனைவியும் வாத்தியார் வீட்டம்மாவும். தையல்காரர் மனைவி நெட்டையான ஆள், குரலும் பெரிது. வாத்தியார் வீட்டம்மா மெதுவாகப் பேசுகிறவள். வழக்கம்போல எங்கள் வேலியைத் தாண்டி நடந்தார்கள். நான் கலயத்தோடு பின்னால் ஓடினேன். அவர்கள் திரும்புமுன்னே, அடுத்த வீட்டு வாசலில் இறக்கி வைத்திருந்த கடவத்தில் கலயத்தைக் கவிழ்த்துவிட்டேன்.

"இது என்னதுட்டி?" என்றாள் தையல்காரர் மனைவி.

"கிழங்கு. எங்க வீட்டுப் பங்கு."

"பிடியரிசியில கிழங்கு உண்டுமா?"

"எங்க உலையில அதுதான் உண்டும்."

இரண்டு பேரும் கடவத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "பெறக்கி எடுத்து அவகிட்டயே குடுத்திரலாம்" என்றாள் வாத்தியார் வீட்டம்மா. தையல்காரர் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "ஆண்டவருக்குப் போட்டத திருப்பி எடுக்கதுக்கு நம்ம ஆரு? விழுந்தது விழுந்ததாக்கும். கெடக்கட்டும்." அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள். அது பயபக்தியா, இல்லை எங்கள் கை பட்டதைத் தொட மனமில்லாமையா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. என் புத்தி அப்படித்தான் போகும். ஆனால் அன்றைக்கு அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. எங்கள் வீட்டுப் பங்கு கடவத்தில் போகிறது என்ற சந்தோஷத்தில் அன்று பகலெல்லாம் பாடிக்கொண்டே கதம்பை அடித்தேன்.

ஏல ஞாயிறு வர மூன்று வாரம் இருந்தது. வெளியே ஓயாமல் மழை. ஆராதனை முடிந்து, சபையை நடத்துகிற உபதேசியார் பத்தாயத்தை வெளியே கொண்டுவரச் சொல்லி மூடியைத் திறந்தார். திறந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அரிசி கட்டி கட்டியாய்ப் பிடித்து, பச்சையும் கறுப்புமாய்ப் பூத்திருந்தது. நடுவில் என் கிழங்கு. அதைச் சுற்றித்தான் பூஞ்சணம் அதிகம். பதினெட்டு வீட்டு அரிசி அது. ஒரு மாதம் அத்தனை பெண்கள் தங்கள் உலையிலிருந்து எடுத்துவைத்த அரிசி.

"கதம்பை நாத்தம்லா அடிக்குவு" என்றது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள். எல்லாரும் சிரிக்கவில்லை, ஆனால் எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அது கதம்பை நாற்றம் இல்லை, பூஞ்சண நாற்றம். இரண்டும் வேறு வேறு என்று என் மூக்குக்குத் தெரியும். அதைச் சொல்லுமுன் அம்மை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். காற்று வரும் வாசல் பக்கத்தில் இருந்ததில் அன்றைக்கு ஒரு சௌகரியம், யாரையும் தாண்டாமல் வெளியே வர முடிந்தது.

வீட்டுக்கு வந்து அம்மை என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாயிருக்கும். அடுப்பங்கரையில் உட்கார்ந்து, "நமக்கு எதுக்குட்டி இந்தக் குடுக்கதெல்லாம்? தருவத வாங்கிக்கிட்டு சும்மா கெடப்போம்" என்றாள்.

அடுத்து வந்த மூன்று ஞாயிறும் நாங்கள் கோயிலுக்குப் போகவில்லை. உபதேசியார் ஒருமுறை வந்தார். வேலிக்கு வெளியே நின்று ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். நல்ல மனுஷன்தான். உள்ளே வாருங்கள் என்று நாங்களும் சொல்லவில்லை, உள்ளே வரட்டுமா என்று அவரும் கேட்கவில்லை.

அந்த மூன்று வாரமும் நான் ஆண்டவரோடு சண்டை போட்டேன். வேறு யாரோடு போட முடியும்? நீர் கேட்டீர் என்று நம்பித்தானே கொடுத்தேன், கடைசியில் ஊர் சிரித்ததுதான் மிச்சம் என்று தடியை ஓங்கி ஓங்கிக் கதம்பையில் அடித்தேன். அம்மை சொன்னதுதான் சரி, நாங்கள் கொடுக்கிற சாதி இல்லை, எங்கள் கை பட்டது கெட்டுத்தான் போகும் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. மனசு உடைந்துபோயிருந்தேன். வேலை மட்டும் நன்றாக நடந்தது.

ஒருநாள் பகலில், புதைத்துவைத்த கதம்பையைத் தோண்டினேன். அதில் ஒரு குவியல் சரியாக ஊறாமல் இருந்தது. மேலே அழுகல், உள்ளே பச்சை. யாரோ அவசரப்பட்டு ஆழமில்லாத இடத்தில் புதைத்திருக்கிறார்கள். வேறு யார், நான்தான். "சரியாப் பொதைக்கல்ல, திரும்ப மூடு" என்றாள் அம்மை, அவ்வளவுதான். நான் சேற்றை வாரி மூடினேன். மூடிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்தக் கிழங்கு ஞாபகம் வந்தது. அதுவும் இதே கூத்துத்தானே? வெளியே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம், பொறுமையில்லாமல் போட்டுவிட்டேன். கிழங்கைக் காயவைக்காதது நான் செய்த பிழை. கதம்பை நாற்றம் என் பிழை இல்லை. கோயிலில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினார்கள், நானும் சேர்ந்து மூன்று வாரம் குழப்பிக்கொண்டேன். பிழை என்றால் திருத்திக்கொள்ளலாம். கிணற்றடியில் அந்தப் பெண் கொடுத்த தண்ணீர் கலங்கியிருந்தால் வேறு தண்ணீர் மொண்டு தா என்றுதானே அவரும் சொல்லியிருப்பார். நீ கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார். சேற்றில் முழங்கால் வரை நின்றுகொண்டு இதை நினைத்தேன். நினைத்ததும் மூன்று வாரமாய் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. பசி எடுத்தது.

அந்தச் சனிக்கிழமை கோயிலுக்குப் போனேன். கெட்ட அரிசியைக் கொட்டிவிட்டு, பத்தாயத்தைச் சுவரோரம் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். யாரும் கழுவவில்லை, புது அரிசி ஒரு சாக்கில் கிடந்தது. கழுவ யாருக்கும் மனம் வந்திருக்காது. நான் கதம்பை நாரைச் சுருட்டி, சாம்பலைத் தொட்டுத் தேய்த்தேன். நார் போகாத மூலை இல்லை. நான்கு தரம் கழுவி, மழை விட்ட நேரம் பார்த்து வெயிலில் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன். உபதேசியார் வாசலில் நின்று பார்த்தார்.

மறுநாள் ஆராதனைக்கு அம்மை வரமாட்டேன் என்றாள். நான் தனியாகப் போய், வாசல் பக்கத்தில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். கடைசி ஜெபம் முடிந்ததும் எழுந்து நின்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்து பேசுகிற வழக்கம் அன்று கிடையாது. பாயைக் கால்விரலால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒரு காரியம் சொல்லணும். போன மாசம் அரிசி கெட்டது என்னாலதான். கிழங்கு சரியாக் காயல்ல. அது என் பிழை. பத்தாயத்தத் தேச்சுக் கழுவி வச்சிருக்கேன். இனிமே நல்லாக் காய வச்சுத் தருவேன். எங்க வீட்டையும் பிடியரிசியில எழுதணும்."

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஆண்கள் பக்கத்திலிருந்து அதே குரல், "கிழங்க ஆரு ஏலம் எடுப்பா?" என்றது. மறுபடி சிரிப்பு. நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பிறகு எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

தையல்காரர் மனைவி எழுந்து நின்றாள். "நான் எடுப்பேன்" என்றாள். அவள் குரல் கோயில் முழுக்கக் கேட்கும். "அண்ணைக்கு ஈரம்னு பார்த்துக்கிட்டுத்தான் நானும் கடவத்துல விட்டேன். வாத்தியார் வீட்டம்மா எடுத்துப்போடச் சொன்னதுக்கும் கேக்கல்ல. பிழையில எனக்கும் பங்குண்டு. அவளை மட்டும் பார்க்காண்டாம்." சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் அவளைப் பற்றிச் சந்தேகப்பட்டது அப்போது ஞாபகம் வந்து வெட்கமாய் இருந்தது. "செரி, எழுதிக்கிடுதேன்" என்றார் உபதேசியார். அவர் கையில் எழுத ஒன்றுமில்லை. அதையும் நான் கவனித்தேன்.

அந்த வாரம் முழுக்க வெயில். ஆடி பாதி தாண்டிவிட்டிருந்தது. கிழங்கைக் கூரைமேல் ஓலை விரித்துக் காயப்போட்டு, காக்கா விரட்டிக்கொண்டே வேலை செய்தேன். உடைத்தால் படக்கென்று சத்தம் வருகிறதா என்று தினமும் ஒன்றை உடைத்துப் பார்த்தேன். "அவிய வரமாட்டாவ" என்றாள் அம்மை. தினமும் சொன்னாள். எனக்கும் பயம்தான்.

சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு வாசலில் குரல் கேட்டது. நான் கலயத்தைக் கையில் எடுக்கவில்லை. இந்த முறை பின்னால் ஓடக்கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம். கேட்டால் கொடுப்பேன், கேட்காவிட்டால் இல்லை. நடைச் சத்தம் எங்கள் வேலியோரம் வந்தது. நின்றது.

"பிடியரிசி!"

தையல்காரர் மனைவிதான், அன்று தனியாக வந்திருந்தாள். வேலிக்கு உள்ளே, எங்கள் வாசலில் கடவத்தை இறக்கி வைத்திருந்தாள். கடவத்துக்குள் தனியாக ஒரு சின்ன ஓலைப்பெட்டி, கிழங்குக்கென்று. கலயத்தைக் கவிழ்த்தேன். அவள் அதில் ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்தாள். "நல்லாக் காஞ்சிருக்கு" என்றாள். பிறகு சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாட்டி" என்றாள்.

அவளுக்குக் கிணற்றடிக் கதை நினைவிருந்ததா, இல்லை வெயிலில் நடந்து தாகம் எடுத்ததா, எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. உள்ளே போனால் அம்மை பதறிக்கொண்டு நிற்கிறாள். "எதுலட்டி குடுப்ப? ஒரு நல்ல செம்பு இல்லையே." தேங்காய்ச் சிரட்டையைக் கழுவி, பானையிலிருந்து மொண்டு கொண்டுபோனேன். அவசரத்தில் பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்திவிட்டது. அவள் வாங்கி, வாய் வைத்து, கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"கதம்பை மணக்குவுட்டி" என்றாள், சிரட்டையைத் திருப்பித் தந்துகொண்டே. "இன்னும் கொஞ்சம் தா."

கொடுத்தேன். குடித்துவிட்டுக் கடவத்தைத் தலைக்கு ஏற்றினாள். அம்மை கதவோரத்திலிருந்து எட்டிப் பார்த்து, "அடுத்த கெழமையும் வருவியளா?" என்று கேட்டாள். அவளாக ஒரு சபைப் பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்டதை நான் அன்றுதான் முதலில் கேட்டேன்.

"வரணும்லா. உங்க வீடு எழுதியாச்சே" என்றபடி அவள் போய்விட்டாள்.

அன்று மாலை அம்மை கிழங்கு வெட்டினாள். பானையில் போடுமுன் துண்டுகளைக் கையால் புரட்டிப் பார்த்து, வேர் இல்லாத நல்ல துண்டாக ஒன்றைத் தனியே எடுத்து முறத்தில் வைத்தாள். நான் அதை அரிந்து போடலாம் என்று கை நீட்டினேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

"நீ தொடாத. உனக்குப் பொறுமை கெடையாது" என்றாள். "நான் காய வச்சுக் குடுக்கேன்."